பப்பாசிப் பாலின் பலம் நிறையில் இல்லை

முற்றிய சேவலையோ கிடாய் இறைச்சியையோ சமைக்கும்போது பப்பாசிக்காய்த் துண்டொன்றைச் சட்டியில் போடுவது எமது வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். காய் இல்லாத வேளையில் இறைச்சியைப் பப்பாசி இலையில் சுற்றி வைப்பவர்களும் உண்டு. சொந்தக் காணியை விட்டு வந்து, விறகையும் காசு கொடுத்து வாங்கும் குடும்பங்களுக்கு இது வெறும் ருசிச் சங்கதி அல்ல. சட்டி சீக்கிரம் இறங்கினால் விறகு மிச்சம்.

ஆனால் இப்போது எம்மிடம் வரும் கேள்வி வேறு. "பப்பாசிப் பாலைக் கொம்பனிகள் விலைக்கு வாங்குமாமே, நாங்களும் எடுத்து விற்கலாமா?" என்று கேட்கிறார்கள். வளவில் பத்து மரம் நிற்கிறது, கையில் வேறு வருமானம் இல்லை என்றால் இது நியாயமான கேள்வியே. இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. அந்தப் பாலுக்குள் விலைபோகும் பொருள் எது, அதை எப்படிப் பிரிக்கிறார்கள், எப்படி அளக்கிறார்கள் என்பது தெரிந்தால்தான் வாங்க வருபவரோடு நிமிர்ந்து நின்று பேசலாம்.

பாக்குவெட்டி போல ஒரு பொருள்

இறைச்சி, பால், முட்டை, பருப்பு எல்லாவற்றிலும் உள்ள புரதம், சிறு மணிகளை வரிசையாகக் கோத்த நீண்ட மாலை போன்றது. அந்த மணிகளை அமினோ அமிலங்கள் என்பர். பப்பாசி இலையிலும் தண்டிலும் காயிலும் ஓடும் பாலில் இந்த மாலைகளை இடையிடையே நறுக்கும் பொருள்கள் இருக்கின்றன. இவை நொதியங்கள். பாக்குவெட்டி எத்தனை பாக்கை வெட்டினாலும் தான் தீர்ந்து போவதில்லை அல்லவா? நொதியமும் அப்படியே. அதனால்தான் துளியளவு பால் ஒரு சட்டி இறைச்சிக்குப் போதுமாகிறது. பப்பாசியின் இந்த நொதியத்துக்குப் பப்பெயின் என்று பெயர்.

மரம் இதை எமது சட்டிக்காகத் தயாரிக்கவில்லை. யப்பானிய ஆய்வாளர் கொத்தாரோ கொன்னோவும் அவரது குழுவினரும் 2004 இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பப்பாசி இலையைத் தின்னக் கொடுத்த புழுக்கள் வளர்ச்சி குன்றின, மடிந்தன. அதே இலையில் பாலைக் கழுவி நீக்கிய பின் கொடுத்தபோது நஞ்சுத்தன்மை போய்விட்டது. பாலைக் கழுவாமல், இந்த வகை நொதியத்தை மட்டும் செயலிழக்கச் செய்யும் ஈ-64 என்ற பொருளை இலையின் மேல் பூசியபோதும் புழுவுக்குத் தீங்கு நேரவில்லை. ஆகவே புழுவைத் தாக்கியது அந்த நொதியமே என்பது உறுதியாயிற்று. புகையிலைத் தோட்டத்தையும் நிலக்கடலைப் பாத்தியையும் அழிக்கும் வெட்டுப்புழு இனமும் அவர்கள் சோதித்த புழுக்களுள் ஒன்று. எமது விவசாயிகளுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

பழைய கதை கொஞ்சம்

பப்பாசிப் பால் இறைச்சியை மிருதுவாக்கும் என்பதைப் பார்படோஸ் தீவு மக்கள் அறிந்திருந்தனர் என்று கிறிபித் ஹியூஸ் என்பவர் 1750 இல் எழுதிய நூலில் குறிப்பிட்டிருக்கிறார். பிரான்சில் வூர்ட்ஸ், பூஷூ என்ற இருவர் 1879 இல் இதற்குப் பப்பெயின் என்று பெயர் வைத்தனர். 1911 இல் அமெரிக்காவில் லியோ வாலர்ஸ்ரைன், பியர் குளிர்ந்ததும் கலங்காமல் இருக்க இத்தகைய நொதியங்களைப் பயன்படுத்தும் முறைக்கு உரிமம் பெற்றார். இறைச்சித் தொழிலும் தோல் பதனிடும் தொழிலும் இதை விரும்பி வாங்கின.

இந்தச் சந்தையில் எமது நாட்டுக்கும் ஒரு காலம் இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் உலகுக்குப் பப்பெயின் அனுப்பிய முக்கிய நாடுகளுள் இலங்கையும் ஒன்று. பின்னர் கிழக்கு ஆபிரிக்காவும் கொங்கோவும் முந்திக்கொண்டன. ஆகவே காய் கீறிப் பாலெடுப்பது இந்த மண்ணுக்குப் புதிய தொழில் அல்ல, விட்டுப்போன தொழில்.

நொதியம் என்பது உண்மையில் என்ன என்பதே நெடுநாள் சர்ச்சையாக இருந்தது. 1926 இல் சம்னர் என்ற அமெரிக்கர் வாளவரை இனத்து விதையிலிருந்து ஒரு நொதியத்தைப் பளிங்காகப் பிரித்து, அது புரதமே என்று காட்டினார். ஒற்றைக் கையுடன் வாழ்ந்த அந்த மனிதரைப் பலர் நம்பவில்லை. 1946 இல்தான் நோபல் பரிசு கிடைத்தது. பப்பெயினை 1937 இல் போல்ஸ், லைன்வீவர், தொம்ஸன் ஆகியோர் பளிங்காக்கினர். 1968 இல் நெதர்லாந்தின் குறோனிங்கன் நகரில் டிறென்த் குழுவினர் அதன் முழு உருவத்தையும் கண்டனர். ஆக, புரதத்தை வெட்டும் பப்பெயினும் ஒரு புரதமே. 212 மணிகள் கோத்த மாலை, சுருண்டு மடிந்து இரண்டு பாதிகளாக நிற்கிறது. வெட்டும் வாய் அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள பிளவில் இருக்கிறது.

இலையிலிருந்து பிரித்தெடுத்தல்

காய்ப்பாலில் இருந்து தொடங்குவது சுலபம். இலையிலிருந்து தொடங்கினால் வேலை கூடும். ஆயினும் இலை வழியைச் சொல்வதே நல்லது, ஏனெனில் தூய்மைப்படுத்தும் ஒவ்வொரு படியும் எதற்காக என்பது அதில்தான் நன்றாக விளங்கும்.

இலையை அரைத்ததும் இரண்டு தொல்லைகள் வரும். முதலாவது, கருத்துப்போதல். வெட்டிய கத்தரிக்காயும் வாழைப்பூவும் காற்றுப்பட்டுக் கறுப்பதை அறிவோம். எமது பெண்கள் அவற்றை உடனே உப்புத் தண்ணீரிலோ மோரிலோ போடுவார்கள். ஆய்வுகூடத்திலும் அதே யுக்திதான்: கறையை உறிஞ்சும் பொருளொன்றும் விற்றமின் சீ போன்ற ஒன்றும் சேர்த்த குளிர்ந்த கரைசலில் இலையை அரைப்பர். கறை ஒட்டினால் நொதியம் கெட்டுவிடும். இரண்டாவது, இலையிலுள்ள மற்றப் புரதங்களின் கூட்டம். சூரிய ஒளியில் உணவாக்க உதவும் ருபிஸ்கோ என்ற ஒரு புரதம் மட்டுமே இலையின் கரையும் புரதத்தில் பாதி வரை இருக்கும். அந்த நெரிசலுக்குள் எமக்கு வேண்டியவனைத் தேடவேண்டும்.

அரைத்த சாற்றைத் துணியில் வடித்து, வேகமாகச் சுழலும் பொறியில் வைப்பர். சக்கை அடியில் ஒதுங்க, தெளிந்த சாறு மேலே நிற்கும். அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமோனியம் சல்பேற்றைப் போட்டுக் கரைப்பர். ஆம், பசளைக் கடையில் வாங்குகிறோமே அந்த அமோனியா உரம்தான், ஆனால் மிகத் தூய நிலையில். உப்புப் போட்ட மீனிலிருந்து தண்ணீர் வெளியேறுவது போல, இந்த உப்பும் புரதத்தைச் சூழ்ந்திருக்கும் நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். நீரை இழந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படியும். எல்லாம் ஒரே நேரத்தில் படியாது. குறைந்த உப்பில் சில, கூடிய உப்பில் சில. ஆகவே உப்பை ஏற்ற ஏற்ற, படிந்ததைத் தனித்தனியே எடுத்து, நொதியம் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பார்ப்பர்.

படிந்ததை மீண்டும் நீரில் கரைத்து, மெல்லிய சவ்வுப் பையில் கட்டி, குளிர்ந்த நீரில் தொங்கவிடுவர். உப்பு சிறியது, சவ்வின் துளை வழியே வெளியேறிவிடும். புரதம் பெரியது, உள்ளே நிற்கும். சிறுநீரக நோயாளரின் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் முறையும் இதே தத்துவத்தில்தான் நடக்கிறது.

இதன் பின் நிறப்பகுப்புக் குழாய். நுண்ணிய மணிகள் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயில் கரைசலை மேலிருந்து ஊற்றினால், மின்னேற்றத்துக்கேற்பச் சில புரதங்கள் மணிகளில் ஒட்டும், சில வழிந்தோடும். ஒட்டியவற்றை உப்புக் கரைசலால் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சிறு சிறு குழாய்களில் ஏந்துவர். கடைசியாக, மெல்லிய களித் தகட்டில் மின்சாரம் செலுத்தி ஓடவிடுவர். சிறிய புரதம் முந்தும், பெரியது பிந்தும். சாயமிட்டுப் பார்க்கும்போது ஒரேயொரு கோடு தெரிந்தால் பொருள் தூயது எனலாம். பப்பெயினின் கோடு ஏறத்தாழ 23,400 டால்ற்றன் நிறைக்குரிய இடத்தில் நிற்கும்.

இவ்வளவு வேலையும் குளிரில்தான் நடக்கும். புரதத்தை வெட்டும் நொதியம் தன் இனத்தையே வெட்டித் தின்னத் தயங்காது. அதனால் பப்பெயினை இடையில் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்து, வேலை முடிந்தபின் மீண்டும் எழுப்புவதும் உண்டு.

சுளகும் கணக்கும்

ஒவ்வொரு படியிலும் இரண்டு விடயங்களை அளப்பர்: புரதம் எவ்வளவு, வெட்டும் பலம் எவ்வளவு. பலத்தை அளக்கப் பாற்புரதமான கேசீனை எடுத்து, நொதியத்தோடு குறித்த நேரம் வைத்திருந்து, கடும் அமிலமொன்றைச் சேர்ப்பர். வெட்டுப்படாத புரதம் திரைந்து படியும். வெட்டுப்பட்ட சிறு துண்டுகள் நீரிலேயே நிற்கும். அந்த நீர் புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து, பலத்தை அலகுகளில் சொல்வர்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். தொடக்கத்தில் இலைச்சாற்றில் 1000 மில்லிகிராம் புரதமும் 1000 அலகு பலமும் இருந்தன என்று வைப்போம். மில்லிகிராமுக்கு 1 அலகு. உப்பிட்டுப் பிரித்தபின் 400 மில்லிகிராமும் 800 அலகும். மில்லிகிராமுக்கு 2. குழாயைத் தாண்டியபின் 20 மில்லிகிராமும் 600 அலகும். இப்போது மில்லிகிராமுக்கு 30. பொருள் ஐம்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது, தூய்மை 30 மடங்கு ஏறிவிட்டது, பலத்தில் 60 வீதம் மிஞ்சியிருக்கிறது.

நெல்லைத் தூற்றிப் புடைக்கும் எவருக்கும் இது புரியும். சுளகில் நிறை குறையக் குறைய நெல் சுத்தமாகும். கூடவே நல்ல மணி சிலவும் பதரோடு போகும். நிறையை மட்டும் பார்ப்பவர் நட்டம் என்று நினைப்பார். பப்பாசிப் பாலிலும் விலைபோவது அந்த வெட்டும் பலமே.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி. பப்பாசிப் பாலில் கைமோபப்பெயின், கரிகெயின் முதலிய வேறு வெட்டும் நொதியங்களும் உண்டு. பப்பெயின் என்று பெயர்பெற்ற நொதியம் அவற்றுள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கடையில் பப்பெயின் என்று விற்கும் தூள் உண்மையில் இவையெல்லாம் சேர்ந்த கலவையே. வியாபாரத்தில் இதை யாரும் குற்றமாகக் கொள்வதில்லை.

குணம் பார்த்தல்

தூய்மையாக்கிய பின், எந்த வெப்பத்தில் நன்றாக வெட்டும், எந்தப் புளிப்பில் நன்றாக வெட்டும், எது அதை முடக்கும் என்று ஆராய்வர். இந்தப் பகுதிதான் எமது அடுப்படிக்கு நேரே வந்து சேர்கிறது.

பப்பெயின் 60 முதல் 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மிக வேகமாக வேலை செய்யும். அதற்கு மேலே சூடு ஏறினால் மெல்லக் கெட்டு, கொதிநிலையில் செயலிழந்துவிடும். ஆகவே இறைச்சியை இலையில் சுற்றி இரவு முழுவதும் வைப்பதால் பெரும் பயன் இல்லை. மேற்பரப்பு மாவாகிப்போவதுதான் மிச்சம். சட்டி மெல்லச் சூடேறும் அந்த நேரத்தில்தான் உண்மையான வேலை நடக்கிறது. அரை மணி நேரம் ஊறவைத்து, தொடக்கத்தில் நெருப்பைக் குறைத்து எரித்தால் போதும். கொதிக்கும் குழம்பில் பப்பாசித் துண்டைப் போடுவது வீண்.

புளிப்பைப் பொறுத்தவரை, அதிகம் புளிக்காத, ஏறத்தாழ நடுநிலையான நிலையே இதற்கு உகந்தது. முடக்குவனவற்றைப் பார்த்தபோது ஆய்வாளருக்கு ஒரு முக்கிய துப்புக் கிடைத்தது. கந்தகம் கொண்ட சிஸ்ரீன் என்ற அமினோ அமிலம் மாலையின் 25 ஆவது இடத்தில் இருக்கிறது. வெட்டும் வாயின் பல் அதுதான். காற்றிலுள்ள ஒட்சிசனும் செம்பு, வெள்ளி, பாதரசம் போன்ற உலோகங்களும் அந்தக் கந்தகத்தைப் பிடித்துப் பல்லை மழுக்கிவிடும். பாலெடுக்கும்போது இரும்புக் கத்தியும் செம்பு, பித்தளைப் பாத்திரமும் ஆகாது என்று சொல்வதன் காரணம் இதுவே. துருப்பிடிக்காத உருக்கு அலகு, மூங்கில் சீவல், கண்ணாடி ஆகியவை ஏற்றவை.

உடம்பில் படக்கூடாது

தோலும் புரதமே, கண்ணும் புரதமே. பால் பட்ட இடம் எரிந்து புண்ணாகும். கண்ணில் தெறித்தால் உடனே நிறைய நீரால் கழுவி வைத்தியரிடம் போகவேண்டும். காய்ந்த தூளைச் சுவாசித்த தொழிலாளருக்கு ஆஸ்துமா வந்ததும் அறியப்பட்ட விடயமே. முகத்தில் துணி கட்டாமல் அரைக்கவோ சலிக்கவோ வேண்டாம். கர்ப்பிணிகள் காய்ப்பாலைத் தவிர்க்கவேண்டும்.

புண்ணில் அழுகிய சதையை இது தின்னும் என்று பாலைத் தடவுவோர் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பப்பெயின் சேர்ந்த பூச்சு மருந்துகள் முன்பு விற்பனையில் இருந்தன. கடும் ஒவ்வாமை ஏற்பட்டதால், அனுமதி பெறாத அத்தகைய மருந்துகளை நிறுத்தும்படி அந்நாட்டு மருந்து நிர்வாகம் 2008 இல் உத்தரவிட்டது. தூய்மையாக்கிய மருந்துக்கே இந்த நிலை என்றால், மரத்திலிருந்து வழியும் பாலைப் பிள்ளையின் புண்ணில் தடவுவது எப்படிச் சரியாகும்?

விற்பதென்றால்

இலையில் பால் உண்டென்றாலும் விற்பனைக்கு எடுப்பது காயிலிருந்துதான். காய் பிடித்து 75 முதல் 90 நாள் ஆனவை ஏற்றவை. அதிகாலையில் தொடங்கி 10 மணிக்கு முன் முடிக்கவேண்டும். காயின் நீளவாக்கில் நான்கு கீறல், 3 மில்லிமீற்றருக்கு மேல் ஆழம் போகக்கூடாது. மூன்று, நான்கு நாள் விட்டு மீண்டும் கீறலாம். தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பாலுக்கென்றே கோ 2, கோ 5 முதலிய இனங்களைத் தெரிவு செய்திருக்கிறது. எமது வளவுகளில் நிற்பவை பெரும்பாலும் பழத்துக்கான இனங்கள். பால் குறைவாகவே வரும்.

இனி நிறைக் கணக்கு. புதிய பாலில் ஐந்தில் நான்கு பங்கோ அதற்கு மேலோ தண்ணீர். ஒரு காயை ஒரு தடவை கீறினால் 5 கிராம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், 1 கிலோ உலர்ந்த பொருளுக்குக் குறைந்தது 1000 தடவை கீறவேண்டும். கீறிய காய் பழுக்கும், தின்னலாம். ஆனால் தோல் வடுப்பட்டிருப்பதால் சந்தையில் விலை விழும். ஆகவே பத்து, இருபது மரம் வைத்திருக்கும் குடும்பம் பழத்தை விற்பதே மேல் என்பது எமது அபிப்பிராயம். பல குடும்பங்கள் சேர்ந்து, உலர்த்தும் வசதியையும் பொதுவில் அமைத்து, வாங்குபவரும் நிச்சயமானால் மட்டும் பாலைப் பற்றி யோசிக்கலாம்.

உலர்த்துவதில்தான் பலரும் காசை இழக்கிறார்கள். வெய்யிலில் பரப்பினால் பால் காயும், நிறையும் குறையாது நிற்கும், ஆனால் பலம் பாதியாகியிருக்கும். 50 முதல் 55 பாகை வெப்பமுள்ள உலர்த்தியில், சிறிதளவு பொற்றாசியம் மெற்றாபைசல்பைற்றுச் சேர்த்து உலர்த்துவதே முறை. நன்றாக வந்தது வெண்மையாகவோ வெளிர் மஞ்சளாகவோ பொடியும். கபிலமாகிப் பிசுபிசுத்தால் கெட்டது.

பலத்தை வீட்டிலேயே ஓரளவு அளக்கலாம். புதிதாகக் கறந்த பாலை, கை பொறுக்கும் அளவுக்கு இளஞ்சூடாக்கி, ஒரே அளவான மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுங்கள். முந்திய முறை உலர்த்திய தூளில் ஒரு சிட்டிகையை ஒரு மேசைக்கரண்டி நீரில் கரைத்து முதலாவதில் விடுங்கள். இம்முறை உலர்த்திய தூளை அதே அளவில் கரைத்து இரண்டாவதில் விடுங்கள். மூன்றாவதில், அதே கரைசலை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறியபின் விடுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு குவளையைச் சரித்துச் சரித்துப் பாருங்கள். பால் திரைந்து கண்ணாடியில் துகள்துகளாக ஒட்டும் கணத்தைக் குறியுங்கள். திரையும் நேரமும் பலமும் எதிரெதிராக ஓடும்: ஒன்று 10 நிமிடத்திலும் மற்றது 5 நிமிடத்திலும் திரைந்தால், பின்னதன் பலம் இரு மடங்கு. கொதித்த குவளை திரையாமல் நிற்கவேண்டும். அதுவும் திரைந்தால் பாலே புளித்தது என்று அறிந்து, புதிய பாலில் மீண்டும் செய்யுங்கள். திரைந்த பாலைக் குடிக்காதீர்கள். புரதம் நறுக்கப்பட்டுக் கசக்கும்.

வாங்க வருபவர் கிலோவுக்கு இவ்வளவு என்று மட்டும் சொன்னால், எத்தனை அலகு பலத்துக்கு அந்த விலை, எந்த முறையில் அளப்பார், அளவு குறைந்தால் சரக்கு யாருடையது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் அனுப்பும் தூளில் ஒரு சிறு போத்தல் எடுத்து, காற்றுப் புகாமல் மூடி, திகதியெழுதி, ஒளிபடாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். "உங்கள் சரக்குப் பலம் குறைவு" என்று சொல்லி விலையைக் குறைக்க வந்தால், அந்தப் போத்தலைத் திறந்து, அவர் முன்னாலேயே பாலைத் திரைத்துக் காட்டலாம்.